அரங்கு நிறைந்தது

லண்டன் மாநகரில் நடந்த ஒரு நாடகத்திற்குச் சீட்டு கிடைக்காதவர்களைப் பற்றி நம் ஊர்ப் பள்ளி மாணவியர் ஒரு வாரம் முழுவதும் வாதாடினோம் என்றால் நீங்கள் சிரிப்பீர்கள். எங்கள் வீடுகளிலும் சிரித்தார்கள். "அரையாண்டுத் தேர்வு வரப்போகிறது, உனக்கு லண்டன் நாடகம்தான் குறைச்சலா?" என்று கேட்காத அம்மா எங்கள் வகுப்பில் எவருக்கும் இல்லை. ஆயினும் அந்த வாதம் எங்களை எங்கோ கொண்டுபோய் விட்டது. அதைச் சொல்லத்தான் இக்கட்டுரை.

எல்லாம் ஆங்கில வகுப்பில் தொடங்கியது. பத்தாம் வகுப்புப் பாடநூலில் ஷேக்ஸ்பியரின் 'டெம்பெஸ்ட்' கதையாக இடம்பெற்றுள்ளது. சிஸ்டர் அதைச் சுவையாக நடத்திக்கொண்டிருக்கும்போது, கடைசி பெஞ்சுத் தோழி ஒருத்தி எழுந்து, "சிஸ்டர், ஸ்பைடர்மேனாக நடிக்கிறாரே டாம் ஹாலண்ட், அவர் ரோமியோவாக நடித்தாராமே, உண்மையா?" என்று கேட்டுவிட்டாள். திட்டு விழப்போகிறது என்று நாங்கள் தலையைக் குனிந்துகொண்டோம். சிஸ்டரோ, "உண்மைதான் அம்மா. 2024-இல் லண்டனில் நடித்தார். சீட்டெல்லாம் சில மணி நேரத்திலேயே விற்றுத் தீர்ந்துவிட்டது. அதற்கென்ன இப்போது?" என்றார்கள். அன்று 'டெம்பெஸ்ட்' இரண்டு பக்கம்தான் நகர்ந்தது.

வகுப்பு முடிவதற்குள் நாங்கள் இரு கட்சிகளாகப் பிரிந்துவிட்டோம். "திரைப்பட நடிகர் நடிக்கிறார் என்பதற்காக ஓடுகிறவர்கள் ஷேக்ஸ்பியரையா பார்க்கிறார்கள்? நடிகரைத்தான் பார்க்கிறார்கள்" என்றது ஒரு கட்சி. "நடிகரைப் பார்க்க வந்தாலும் காதில் விழுவது ஷேக்ஸ்பியர்தானே?" என்றது மற்றது. நூலகத்திலும் கணினி அறையிலும் தேடித் தேடி, இரு கட்சியாரும் ஆதாரங்களைத் திரட்டி வந்தோம். கணக்குத் தேர்வுக்குக்கூட இவ்வளவு உழைத்ததில்லை.

முதலில் அகப்பட்டது 2015-ஆம் ஆண்டு ஹாம்லெட். தொலைக்காட்சியில் ஷெர்லாக் ஹோம்ஸாக நடித்துப் புகழ்பெற்ற பெனடிக்ட் கம்பர்பாட்ச் அதில் ஹாம்லெட். இடம் லண்டன் பார்பிகன் அரங்கம். காலம் ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை 12 வாரங்கள். நாடகம் தொடங்குவதற்கு ஓராண்டு முன்னதாகவே, 2014 ஆகஸ்டில், சீட்டு விற்பனை தொடங்கியது. ஏறத்தாழ ஒரு லட்சம் சீட்டுகள். பொது விற்பனை தொடங்கிய சில நிமிடங்களில் எல்லாம் தீர்ந்தன! ஓராண்டுக்குப் பின் அந்த மாலையில் தமக்குக் காய்ச்சல் வருமா, மழை வருமா என்றுகூட யோசியாமல் மனிதர்கள் சீட்டு வாங்கியிருக்கிறார்கள்.

அந்த இரசிகர்கள் செய்ததெல்லாம் எங்களுக்குப் பிடித்தது என்று சொல்ல முடியாது. நாடகம் நடக்கும்போதே கைப்பேசியில் படம் பிடித்தார்கள். மேடையிலிருந்து பார்த்தால் இருட்டில் சிவப்பு விளக்குகள் மின்னினவாம். ஒரு நாள் காட்சி முடிந்ததும் கம்பர்பாட்சே வெளியே வந்து, வாயிலில் காத்திருந்தவர்களிடம் அப்படிச் செய்யாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். தனிமொழி பேசுகிறவன் முகத்துக்கு நேரே சிவப்பு விளக்கு எரிந்தால் எப்படிப் பேசுவான்? இந்தச் செய்தியைக் கண்டதும் நாடகக் கட்சிக்கு ஒரே கொண்டாட்டம். பத்திரிகைகாரர்களும் சும்மா இருக்கவில்லை. விமரிசகர்களை அழைக்கும் நாள் வரும்வரை எழுதாமல் பொறுத்திருப்பது அங்கே வழக்கம். சில நாளேடுகள் முன்னோட்டக் காட்சியையே பார்த்துவிட்டு விமரிசனம் எழுதிவிட்டன. ஹாம்லெட்டின் புகழ்பெற்ற அந்தத் தனிமொழியை நாடகத்தின் தொடக்கத்துக்கே கொண்டுவந்து வைத்திருந்தார்கள். பலர் குறை கூறவே, பிறகு இடம் மாற்றினார்கள்.

நடிகர் கட்சியும் சளைக்கவில்லை. ஒவ்வொரு காட்சியிலும் 100 இருக்கைகள் 10 பவுண்டு விலையில் ஒதுக்கப்பட்டிருந்தன என்று கண்டுபிடித்து வந்தது. அவற்றில் சில அன்றன்று காலை அரங்கின் சாளரத்தில் மட்டுமே விற்கப்பட்டன. அதற்காக இரவெல்லாம் நடைபாதையில் படுத்துக் காத்துக் கிடந்திருக்கிறார்கள். வர இயலாதவர்கள் திருப்பித் தரும் சீட்டுக்காக நிற்பதும் லண்டன் அரங்குகளில் பழைய வழக்கம். யாரோ ஒருவருக்குத் தலைவலி; இன்னொருவருக்கு நாற்காலி. கடைசியில், 2015 அக்டோபர் 15 அன்று நாடகத்தை மேடையிலிருந்தபடியே திரையரங்குகளுக்கு நேரடியாக ஒளிபரப்பினார்கள். அந்த ஓர் இரவில் மட்டும் பார்த்தவர்கள் இரண்டேகால் லட்சம் பேர். பன்னிரண்டு வாரம் அரங்கில் அமர்ந்து பார்த்தவர்களைப் போல இரு மடங்கு!

நாங்கள் ஒரே நிமிடம் மௌனமானது அப்போதுதான். இதற்கு நாடகக் கட்சியிடம் பதில் இல்லை.

ஆனால் அவர்கள் கையில் வேறு ஓர் ஆயுதம் இருந்தது. 2025-இல் நியூயார்க்கில் 'ஒதெல்லோ'. டென்சல் வாஷிங்டன் ஒதெல்லோ, ஜேக் ஜில்லன்ஹால் இயாகோ. நல்ல இருக்கை ஒன்றின் விலை 921 டாலர்! நம் பணத்தில் முக்கால் லட்சம் ரூபாய்க்கும் மேல். ஒரே வாரத்தில் 28 லட்சம் டாலர் வசூலாகி, பாடல் இல்லாத நாடகங்களின் வசூல் சாதனையை முறியடித்தது. "முக்கால் லட்சத்துக்கு எங்கள் வீட்டில் ஓட்டுக்கூரையையே மாற்றிவிடலாமே!" என்றாள் எங்களில் ஒருத்தி. அதே நியூயார்க்கில் சென்ட்ரல் பார்க் பூங்காவில் டெலகோர்ட் என்ற திறந்தவெளி அரங்கம் 1962 முதல் இருக்கிறது. அங்கே கோடைகாலத்தில் ஷேக்ஸ்பியர் நாடகங்கள் இலவசம். 2010-இல் அல் பசினோ 'வெனிஸ் வணிக'னில் ஷைலாக்காக நடித்தபோதும் இலவசம்தான். விடியற்காலையிலிருந்தே புல்தரையில் வரிசை. அதே ஆண்டு அதே நடிகர் அதே வேடத்தில் கட்டண அரங்குக்குப் போனார். ஒரே நாடகம், ஒரே நடிகர். ஓரிடத்தில் பொறுமை விலை, மற்றோரிடத்தில் பணம் விலை.

ஷேக்ஸ்பியர் இருந்தால் இதைக் கண்டு வருந்துவாரா என்று சிஸ்டரிடம் கேட்டோம். "அவர் காலத்திலும் நட்சத்திரங்கள் உண்டு பிள்ளைகளே" என்றார்கள். ஹாம்லெட்டாக முதலில் நடித்த ரிச்சர்ட் பர்பேஜ் லண்டனே கொண்டாடிய நடிகர். நகைச்சுவை நடிகர் வில் கெம்ப் 1600-இல் லண்டனிலிருந்து நாரிச் நகரம்வரை ஆடிக்கொண்டே சென்று விளம்பரம் தேடிக்கொண்டவர். ஆயினும் குளோப் அரங்கில் ஒரு பென்னி கொடுத்தால் மேடையருகே முற்றத்தில் நின்று பார்க்கலாம். 1997-இல் திறக்கப்பட்ட புதிய குளோப் அரங்கிலும் அந்த முற்றத்தை அப்படியே வைத்திருக்கிறார்கள். வசதியானவர்கள் மேலே உட்கார்ந்திருக்க, நிற்பவர்களுக்கே நடிகரின் முகம் மிக அருகில் தெரியும்! (அக்காலத்தில் பெண் வேடங்களிலும் பையன்களே நடித்தார்கள். எங்கள் பள்ளியில் ஆண் வேடங்களிலும் நாங்களே நடிக்கிறோம். கணக்கு சரியாகிவிட்டது.)

எங்களுக்கு எல்லாவற்றிலும் பிடித்தது 2008-ஆம் ஆண்டுக் கதை. டேவிட் டென்னன்ட் என்ற தொலைக்காட்சி நடிகர் ஹாம்லெட். ஷேக்ஸ்பியர் பிறந்த ஸ்ட்ராட்ஃபோர்டில் முதலில் நடந்தது. அங்கே இடுகாட்டுக் காட்சியில் அவர் கையில் ஏந்தியது உண்மையான மண்டை ஓடு! ஆந்த்ரே சைக்கோவ்ஸ்கி என்ற பியானோ கலைஞர் 1982-இல் இறக்கும்போது, நாடகத்தில் பயன்படட்டும் என்று எழுதிவைத்துச் சென்றது. இதைப் படித்த அன்று எங்களில் இருவர் மதிய உணவைத் தொடவில்லை. அதே நாடகம் டிசம்பரில் லண்டனுக்கு வந்தபோது டென்னன்டுக்கு முதுகெலும்பில் கோளாறு. அறுவைச் சிகிச்சை செய்யும்படி ஆயிற்று. விமரிசகர்கள் வரும் இரவு. அரங்கு நிறைய டென்னன்டுக்காகச் சீட்டு வாங்கியவர்கள். லேயர்டீஸாக நடித்துக்கொண்டிருந்த எட்வர்ட் பென்னட், நாயகன் வராவிட்டால் ஹாம்லெட்டாகவும் நடிக்க ஆயத்தமாக வசனம் படித்து வைத்திருந்தவர். அவர் மேடை ஏறினார். முடிவில் கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. டென்னன்ட் சனவரித் தொடக்கத்தில் திரும்பும்வரை அவரே ஹாம்லெட்.

நடிகருக்காக வந்தவர்கள் நாடகத்திற்காக இருந்தார்கள். இரு கட்சியும் தங்களுக்கே வெற்றி என்று சொன்னது இந்தக் கதையில்தான்.

இப்படி வாதாடிக்கொண்டிருந்த நாளொன்றில், அதுவரை வாயே திறவாமல் இருந்த ஒரு தோழி, "லண்டன் கிடக்கட்டும், நம் ஆண்டு விழாவில் என்ன நடந்தது?" என்றாள்.

நாங்கள் ஒன்பதாம் வகுப்பில் 'வெனிஸ் வணிகன்' நீதிமன்றக் காட்சியைத் தமிழில் நடித்தோம். அவள்தான் ஷைலாக். பஞ்சுத் தாடியை ஒட்டிக்கொண்டு அவள் கத்தியைத் தீட்டும்போது ஒத்திகையில் எங்களுக்கே உடல் சிலிர்க்கும். அவ்வாண்டு விழாவுக்குச் சின்னத்திரையில் புகழ்பெற்ற ஒருவர் சிறப்பு விருந்தினர். அதனால் இடநெருக்கடி. மாணவி ஒருத்திக்கு இரண்டே அனுமதிச் சீட்டுகள் என்று அறிவிப்பு வந்தது. ஒன்று அவள் பாட்டிக்கு, ஒன்று அம்மாவுக்கு. அவள் அம்மா பனியன் கம்பெனியில் வேலை செய்கிறார். ஆறு மணிக்கு வேலை முடிந்து, பஸ் பிடித்து வருவதற்குள் ஏழாகிவிட்டது. கையில் சீட்டு இருந்தும், அரங்கு நிறைந்துவிட்டது என்று வாயில் மூடப்பட்டிருந்தது. காவல்கார அண்ணனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவருக்கு இட்ட கட்டளை அது. அம்மாவைப் போல இன்னும் பத்துப் பன்னிரண்டு பேர் வெளியே நின்றார்கள்.

ஏழே காலுக்குச் சிறப்பு விருந்தினர் பேசி முடித்துப் புறப்பட்டார். அவருடைய கார் பின்னாலேயே பாதி அரங்கு எழுந்து போய்விட்டது! நாடகம் தொடங்கியபோது முன்வரிசைகளில் சிவப்பு நாற்காலிகள் காலி. அந்த நாற்காலிகளைப் பார்த்துத்தான் ஷைலாக் நீதி கேட்டாள். வெளியே நின்றவர்களை உள்ளே விடலாம் என்று எவருக்கும் தோன்றவில்லை. நாங்களும் திரைக்குப் பின்னே எங்கள் வேடத்திலும் வசனத்திலும் மூழ்கியிருந்தோம். மகள் எப்போது மேடைக்கு வந்தாள், எப்போது போனாள் என்பதை, வெளியே கேட்ட கைதட்டலை வைத்தே கணக்கிட்டுக்கொண்டதாக அந்த அம்மா வீட்டில் சொன்னாராம்.

இதை அவள் அழாமல் சொன்னாள். அதன்பின் எங்கள் இரு கட்சிகளும் கலைந்துவிட்டன.

புகழ்பெற்றவர் வருவது தவறு என்று நாங்கள் எவரும் எண்ணவில்லை. அவர் வராவிட்டால் அவ்வளவு கூட்டம் வந்திராது. அன்று நன்கொடையும் நிறையச் சேர்ந்தது. எங்களிலேயே பலர் அவரோடு படம் எடுத்துக்கொண்டோம். ஆனால் பார்பிகனில் ஒரு லட்சம் பேரை நெருக்கியடிக்க வைத்தவர்கள், நூறு இருக்கைகளைக் குறைந்த விலைக்கு வைத்தார்கள். திரும்பி வரும் ஒவ்வொரு சீட்டுக்கும் வாயிலில் ஒருவர் காத்திருக்கிறார் என்பதை அறிந்திருந்தார்கள். காலி நாற்காலியை அவர்கள் காலியாக விடுவதில்லை. இதற்குப் பணம் தேவையில்லை. வாயிலில் ஒரு ஆள் நின்றால் போதும்.

ஆகவே எங்கள் வகுப்பு மாணவியர் நாற்பத்திரண்டு பேரும் கையெழுத்திட்டு, தலைமையாசிரியை சிஸ்டர் அவர்களுக்கு ஒரு விண்ணப்பம் கொடுத்திருக்கிறோம். பின்வரிசையில் முப்பது நாற்காலிகளை வேலை முடிந்து தாமதமாக வரும் பெற்றோருக்கென்று நிறுத்திவைக்க வேண்டும். விருந்தினர் உரைக்குப் பின் காலியாகும் இடங்களுக்கு வெளியே நிற்பவர்களை வரிசைப்படி உள்ளே அழைக்க வேண்டும். வாயிலில் நின்று பெயர் எழுதிக்கொள்ளவும், ஓசைப்படாமல் அழைத்துச் சென்று அமர்த்தவும், நாடகத்தில் வேடமில்லாத எட்டுப் பேர் முன்வந்திருக்கிறோம். ஒரு நோட்டுப் புத்தகமும் ஒரு டார்ச் விளக்கும் எங்களுடையதே. சிஸ்டர் விண்ணப்பத்தை இரண்டு முறை படித்தார்கள், "பார்க்கலாம்" என்றார்கள்.

'டெம்பெஸ்ட்' ஒத்திகை தொடங்கிவிட்டது. பிராஸ்பெரோவாக நடிப்பவள் அதே தோழிதான். அவள் அம்மாவுக்கு இவ்வாண்டும் ஆறு மணிக்குத்தான் வேலை முடிகிறது.

— பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி