காகிதப் படை

மனிதர்க்கு மனிதர் பொழுதுபோக்கு வேறுபடும். அஞ்சல்தலை சேர்ப்பார் சிலர். தோட்டம் போடுவார் சிலர். தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியனாகிய நானோ, மாலை வேளைகளில் கத்தரிக்கோலும் கோந்துமாக அமர்ந்து, காகிதத்தில் போர்வீரர்களைச் செய்துகொண்டிருக்கிறேன். "ஐம்பது வயசுக்கு மேல பொம்மை விளையாட்டா?" என்று என் துணைவியார் கேட்டதுண்டு. அவ்வினாவிற்கு அன்று நான் சிரித்து மழுப்பினேன். இன்று விடை கூறலாம் என்று தோன்றுகிறது.

மேசைமேல் போர் நடத்திப் பார்க்கும் வழக்கம் புதியதன்று. 1824ஆம் ஆண்டிலேயே பிரஷ்யப் படையதிகாரி ரைஸ்விட்ஸ் என்பவர், நிலப்படத்தின்மீது சிறு கட்டைகளை நகர்த்திப் பகடை உருட்டிப் போர்முறை பயிலும் விளையாட்டொன்றை வகுத்தளித்தார். ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் 1913இல் பொம்மை வீரர்களைக் கொண்டு ஆடும் போர் விளையாட்டுக்கு ஒரு நூலே எழுதினார். உண்மைப் போர் எத்துணை அறிவற்ற செயல் என்பதை இவ்விளையாட்டே உணர்த்திவிடும் என்பது அந்நூலில் அவர் கொண்ட கருத்து. மறு ஆண்டே முதல் உலகப் போர் மூண்டது. ஈய வீரர்களை விலைகொடுத்து வாங்க இயலாதார்க்குக் காகித வீரர்கள் கைகொடுத்தனர். பிரான்சு நாட்டின் ஸ்திராஸ்பூர்க் நகரம் காகித வீரர்களுக்குப் பெயர்பெற்றது.

பயிற்றுத் துணைப்பொருளைக் கடையில் வாங்காதீர், கையால் செய்யுங்கள் என்பது ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எங்கள் விரிவுரையாளர் ஓயாது கூறிய அறிவுரை. செய்கின்ற கைதான் முதலில் கற்கிறது என்பார் அவர். அதன் உண்மையைக் காகித வீரனைச் செய்யத் தொடங்கிய பின்னரே முழுமையாக உணர்ந்தேன்.

செய்முறை எளிது, ஆனால் பொறுமை வேண்டும். முடிந்த உருவம் 3 சென்டிமீட்டர் உயரம் இருக்க வேண்டுமெனில், அதனை 6 சென்டிமீட்டர் உயரத்தில் வரைந்து, படியெடுக்கும் பொறியில் பாதியாகச் சுருக்க வேண்டும். சுருங்கும்போது கைநடுக்கமும் சுருங்கி மறையும். கோடுகள் தடித்திருத்தல் நலம். மெல்லிய கோடுகள் சுருக்கத்தில் காணாமற்போகும். முகத்திற்குக் கண்களாக இரண்டு புள்ளிகள் போதும். உருவத்தைச் சுற்றிச் சற்றே கறுப்பு விளிம்பு விட்டால் கத்தரியின் பிழை தெரியாது. துப்பாக்கியை உடலை ஒட்டி வரைய வேண்டும். தனித்து நீட்டினால் இரண்டாம் நாளே மடிந்து தொங்கும். நம் நாட்டு ஈரக்காற்றில் ஒட்டிய தாள் வளைந்துவிடுமாதலால், ஓரிரவு தடித்த அகராதியின்கீழ் அதனைக் கிடத்துதல் வேண்டும்.

எல்லாவற்றினும் கடினமானது வீரனின் முதுகு. முன்பக்கமும் பின்பக்கமும் அருகருகே வரையப்பட்டு, நடுவில் மடித்து ஒட்டப்படுகின்றன. எனவே பின்பக்க உருவரை, கண்ணாடியில் தெரியும் நிழல்போல் முன்பக்கத்திற்கு எதிராக அமைதல் வேண்டும். சன்னல் கண்ணாடியில் தாளை வைத்து வெளிச்சத்தில் படியெடுப்பது என் வழக்கம். மாணவர்கள் வரைந்தால் முன்னே வலக்கையில் இருந்த துப்பாக்கி பின்னே இடக்கைக்கு மாறிவிடும். மேலும், முகப்பை வரையப் படங்கள் எளிதில் கிடைக்கின்றன. முதுகைக் காட்டும் படங்களோ அரியவை. மூட்டை எங்கே கட்டப்பட்டது, தண்ணீர்க் குப்பி எப்பக்கம் தொங்கியது என்று தேடத் தேடத்தான், ஒரு மனிதன் எத்தனை சுமையோடு நடந்தான் என்பது விளங்குகிறது.

நான் தேர்ந்துகொண்ட போர் நம் பேராக் மாநிலத்துக் கம்பார்ப் போர். 1941 திசம்பர் 30 முதல் 1942 சனவரி 2 வரை, தெற்கு நோக்கி இறங்கிய ஜப்பானியப் படையை அங்கே பிரிட்டிஷாரும் இந்தியரும் நான்கு நாள் தடுத்து நிறுத்தினர். ஜித்ராவில் நிலைகுலைந்த இரண்டு ஆங்கிலப் பட்டாளங்கள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டு அங்கே நின்றன. இறுதி நாளன்று, பஞ்சாப் பட்டாளத்துச் சீக்கியர் அணியொன்று கேப்டன் ஜான் கிரகாம் தலைமையில் துப்பாக்கி முனையில் கத்தி பொருத்திக் குன்றின்மீது பாய்ந்தது. அவரும் உயிர்நீத்தார், அவர் வீரர் பலரும் மாண்டனர். மேற்குக் கரையில் வேறு ஜப்பானியப் படைகள் இறங்கிப் பின்புறத்தை அச்சுறுத்தவே, அன்றிரவே தற்காப்புப் படை பின்வாங்கியது.

தலைப்பாகையும் காக்கி அரைக்கால் சட்டையும் அணிந்த சீக்கியர், தட்டையான இரும்புத் தலைக்கவசம் தரித்த ஆங்கிலேயர், பிடரியை மறைக்கும் துணி தொங்கும் தொப்பியணிந்த ஜப்பானியர் என ஏறத்தாழ 200 உருவங்கள் செய்து முடிக்க ஓராண்டாயிற்று. பத்து வீரர்க்கு ஓர் உருவம் எனக் கணக்கு வகுத்தேன். பள்ளி நேரத்திற்குப் பிறகு வரலாற்றில் ஆர்வமுள்ள மாணவர் சிலரை அழைத்து, வகுப்பு மேசைகளை ஒட்டிப்போட்டு, பச்சைத் துணியின்கீழ் புத்தகங்களை அடுக்கிக் குன்றுகள் எழுப்பினோம். அளவுகோல் கொண்டு நகர்த்துதல், மேட்டில் ஏறினால் பாதித் தொலைவு, பகடை விழுந்தால் இழப்பு என்பவை விதிகள். முதலில் ஆரவாரமிட்ட பிள்ளைகள், தாங்களே வெட்டி ஒட்டிய சீக்கிய வீரர்கள் ஒவ்வொருவராக மேசையினின்றும் அகற்றப்பட்டபோது அமைதியாயினர்.

அப்பொழுது ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி கேட்டாள்: "ஐயா, இதில நம்ம ஆளுங்க எங்க?"

நான் திகைத்தேன். சீக்கியரும் இந்தியர்தாமே என்று சொல்லியிருக்கலாம். அவள் கேட்டது அதுவன்று. கம்பாரைச் சுற்றிலும் அன்று ஈயச் சுரங்கங்கள் இருந்தன, இரப்பர்த் தோட்டங்கள் இருந்தன, அவற்றில் மக்கள் வாழ்ந்தனர். ஓராண்டு உழைத்து நான் செய்த படையில் துப்பாக்கி ஏந்தாத மனிதன் ஒருவன்கூட இல்லை. இத்தனைக்கும் என் சொந்தப் பாட்டனார் அத்தகைய தோட்டத்துப் பால்மரத் தொழிலாளி. 1943இல் சயாம் இரயில் பாதை போடக் கொண்டு செல்லப்பட்டவர். 415 கிலோமீட்டர் நீண்ட அந்தப் பாதைக்கு மலாயாவிலிருந்து 70,000க்கும் மேற்பட்ட தொழிலாளர் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் தமிழர். திரும்பாதார் பல்லாயிரவர். அவரும் திரும்பவில்லை. அவருடைய புகைப்படம் ஒன்றுகூட எங்கள் வீட்டில் இல்லை.

அன்றிரவு, எண்பதைக் கடந்த என் தந்தையாரிடம் சென்று, தாத்தா எப்படியிருப்பார் என்று கேட்டேன். ஐந்து வயதில் கண்டதைத் தம் நினைவில் நெடுநேரம் தேடினார். "மூஞ்சி ஞாபகம் இல்லப்பா. லோரியில ஏறுனப்ப முதுகுதான் தெரிஞ்சுச்சு. தோள்ல ஒரு துணி மூட்டை" என்றார். அதற்குமேல் அவர் பேசவில்லை; நானும் கேட்கவில்லை.

எப்பொழுதும் முகப்பை வரைந்த பின்னரே முதுகை வரைபவன், அன்று முதுகை முதலில் வரைந்தேன். மூட்டையை வரைந்தேன். பிறகு தாளைச் சன்னலில் வைத்து முன்பக்கத்தைப் படியெடுத்து, மற்ற வீரர்க்கு வைப்பதுபோலவே முகத்தில் இரண்டு புள்ளிகள் வைத்தேன். அறியாத முகத்தில் அதற்குமேல் எதையும் கற்பித்து எழுத எனக்கு மனம் வரவில்லை.

அடுத்த வாரம் மாணவர்கள் தோட்டத்து ஆணும் பெண்ணும் குழந்தைகளுமாய் இருபது உருவங்கள் செய்தனர். மேசையின் ஓரத்தில் லயத்து வீடுகளை வரைந்து வைத்து, அவற்றின் முன்னே அவர்களை நிறுத்தினர். இவர்கள் எவ்வளவு தூரம் நகரலாம் என்று வினவினான் ஒரு சிறுவன். அதற்கு விதி ஏதும் நான் எழுதியிருக்கவில்லை. ஆட்டம் முடிந்தது. வரலாற்றில் நிகழ்ந்தவாறே தற்காப்புப் படை பின்வாங்கி மேசையை விட்டு வெளியேறியது. வென்ற படையும் தெற்கு நோக்கிச் சென்றது. வெறுமையான பச்சைத் துணியின் ஓரத்தில் அந்த இருபது பேர் மட்டும் நின்றனர். படைகள் நான்கு நாளில் கடந்து போயின. இவர்களோ ஏறத்தாழ 3 ஆண்டு 8 மாதம் அங்கேயே இருந்தாக வேண்டியவர்கள். நான் விளக்கவில்லை, விளக்கத் தேவையும் இருக்கவில்லை.

ஆசிரிய நண்பர்களே, வரலாற்றுப் பாடத்தில் ஆண்டுகளையும் தலைவர் பெயர்களையும் நாம் கற்பிக்கிறோம், கற்பிக்கத்தான் வேண்டும். அதனோடு ஒரு தாளையும் கத்தரியையும் பிள்ளைகளின் கையில் கொடுத்துப் பாருங்கள். ஒரு மனிதனை முன்னும் பின்னும் வரைந்தவன் அவனை எளிதில் மறப்பதில்லை. அப்பிள்ளைகள் நம்மைக் கேட்கும் வினாவிற்கு மட்டும் நாம் அணியமாயிருத்தல் வேண்டும்.

அந்த உருவங்கள் இன்று என் அலுவலக அலமாரியில் நிற்கின்றன. பாட்டனாரை மட்டும் என் மேசைமேல் வைத்திருக்கிறேன். வருவோர்க்கு அவர் முகம் தெரியும். நாற்காலியில் அமர்ந்திருக்கும் எனக்குத் தெரிவது அவர் முதுகும் மூட்டையுந்தான்.