கோபாலபுரத்துத் தெருக்களும் சக்கரங்களின் மேல் ஒரு வீடும்

சென்னை மாநகரில் கதீட்ரல் சாலைக்கும் அவ்வை சண்முகம் சாலைக்கும் இடையே அமைந்திருக்கும் அமைதியான குடியிருப்பு கோபாலபுரம். முதல் தெரு, இரண்டாம் தெரு என்று எண்களையே பெயராகக் கொண்ட தெருக்கள், நிழல் தரும் மரங்கள், பள்ளிக்கூடங்கள், மாலை வேளைகளில் சிறுவர்கள் பந்தாடும் விளையாட்டுத் திடல். இத்தெருக்களில் ஒருமுறை நடந்து வருபவர், இருபுறமும் நிறுத்தப்பட்டிருக்கும் கார்களுக்கு நடுவே இன்னொரு கார் நுழைந்து செல்வதே பெரும்பாடு என்பதைக் காண்பார்.

இத்தகைய தெருவில் வாழும் குடும்பம் ஒன்று, "நாங்கள் ஒரு வீட்டையே வண்டியாக்கிக்கொண்டு ஊர் ஊராகச் செல்லப் போகிறோம்" என்று சொன்னால் வியப்பாகத்தான் இருக்கும். ஆயினும் இன்று அவ்வெண்ணம் பலருக்கு எழுகிறது. காற்றாலைகளைப் பழுது பார்ப்போர், பாலப் பணிகளை மேற்பார்வை செய்யும் பொறியாளர்கள், மருத்துவ முகாம் நடத்துவோர் எனப் பிழைப்பின் பொருட்டு மாதக்கணக்கில் வெளியூரில் அலைபவர்கள் நம்மிடையே ஏராளம். மனைவி மக்களைப் பிரிந்து விடுதி அறைகளில் காலம் கழிப்பதைவிட, அவர்களையும் உடன் அழைத்துச் செல்ல வழியுண்டா என்பது அவர்களின் கேள்வி. வண்டி வாங்கத் துணிந்தபின் எழுவது, எவ்வளவு பெரிய வண்டி என்னும் கேள்வி. சேமிப்பின் பெரும்பகுதி அதில் அடங்கியிருப்பதால் நிதானமாகச் சிந்திக்க வேண்டிய விஷயம் இது.

நாடகக் குழுவும் போர்வெல் லாரியும்

தொழிலுக்காக நெடுநாள் பயணம் செய்வது தமிழருக்குப் புதிதன்று. முன்பு லாயிட்ஸ் சாலை என வழங்கிய சாலைக்கு இன்று பெயர் தந்திருக்கும் அவ்வை டி.கே. சண்முகம், 1918இல் சிறுவனாக நாடகக் குழுவில் சேர்ந்தவர். பின்னர் தம் சகோதரர்களோடு நாடக சபா நடத்தி ஊர் ஊராகச் சென்றவர். அக்காலத்து நாடகக் கம்பெனிகள் திரைகளையும் உடைகளையும் சுமந்து சென்றனவேயன்றி, வீட்டைச் சுமந்து செல்லவில்லை. ஓர் ஊரில் பல வாரங்கள், சில வேளை மாதங்கள் நாடகம் நடக்கும்; ஆகவே அங்கேயே வீடு பிடித்துத் தங்கினார்கள்.

இதற்கு நேர்மாறான வாழ்க்கை நாமக்கல் மாவட்டத்துத் திருச்செங்கோட்டில் தொடங்குகிறது. அங்கிருந்து புறப்படும் போர்வெல் லாரிகள் பல மாநிலங்களுக்கும் செல்கின்றன. துளையிடும் இயந்திரம் ஒரு லாரியில். இரும்புக் குழாய்களும் டீசலும் சமையல் சாமான்களும் துணை லாரியில். இன்று ஒரு வயல், நாளை வேறொரு கிராமம் என்னும் நிலையில் வீடு பிடிக்க நேரமேது? லாரியே அவர்களுக்கு வீடு.

இவ்விரண்டையும் ஒப்பிட்டால் முதல் விதி தெளிவாகும். ஓரிடத்தில் மூன்று மாதம் வேலையென்றால் அறை எடுத்துத் தங்குவதே சிக்கனம். மூன்று நாளுக்கோ பத்து நாளுக்கோ ஒருமுறை இடம் மாறும் வேலையென்றால்தான் சக்கர வீடு பயன்தரும். அடிக்கடி இடம் மாற மாற, வண்டி சிறிதாக இருப்பது நல்லது.

தலைவர்களின் வண்டிகள்

தெலுங்கு நடிகர் என்.டி. ராமராவ் 1982இல் கட்சி தொடங்கி ஆந்திரம் முழுவதும் சுற்றியபோது, பழைய செவ்ரலே வேன் ஒன்றைத் திருத்தியமைத்து 'சைதன்ய ரதம்' எனப் பெயரிட்டார். மகன் ஹரிகிருஷ்ணா அதை ஓட்டினார். உணவும் உறக்கமும் பெரும்பாலும் வண்டியிலும் வழியோரத்திலுமே. கிராமத்துப் பாதைகளில் நுழையவும், மேலே ஏறி நின்று பேசவும் ஏற்றதாக அது இருந்தது.

கோபாலபுரம் நான்காம் தெருவில் நெடுங்காலம் வாழ்ந்த மு. கருணாநிதி, 2016 சட்டமன்றத் தேர்தலின்போது 91 வயதைக் கடந்தவர். சக்கர நாற்காலியில் இயங்கி வந்தவர். அவர் வேனில் அமர்ந்தவாறே மக்களிடம் பேசினார். அந்நிலையிலுள்ள ஒருவருக்கு வண்டியின் நீளத்தைக் காட்டிலும் ஏறி இறங்கும் வாயிலும் இருக்கையுமே முக்கியம். முதிய பெற்றோரை உடன் அழைத்துச் செல்ல நினைப்பவர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும். உயரமான படியும் குறுகிய கதவும் உள்ள வண்டி எத்தனை நீளமாயினும் அவர்களுக்குச் சிறையே.

அளவுக் கணக்கு

இரண்டு மீட்டர் அகலமுள்ள வண்டியின் உள் அகலம் ஏறத்தாழ 1.85 மீட்டர். உட்புறம் 3 மீட்டர் நீளமிருந்தால் 60 சதுர அடி, 4.5 மீட்டர் என்றால் 90; 6 மீட்டர் என்றால் 120 சதுர அடி. பத்துக்குப் பன்னிரண்டு அறையொன்றை நீட்டி அமைத்ததே கடைசியாகச் சொன்னது என்றால் விளங்கும். அதற்குள் படுக்கை, அடுப்பு, கழிப்பறை, அலமாரி யாவும் அடங்க வேண்டும்.

தனி ஒருவருக்கு 3 மீட்டர் போதும். கணவன் மனைவிக்கு 4.5 மீட்டர் தேவைப்படும். வண்டியிலேயே அமர்ந்து கணக்கோ வரைபடமோ பார்ப்பவருக்குப் படுக்கையை மடக்காமல் பயன்படுத்தக்கூடிய தனி மேசை இன்றியமையாதது. ஒவ்வொரு நாளும் மடக்கி விரிக்கும் சலிப்பு ஒரு மாதத்திலேயே தெரிந்துவிடும். குழந்தையும் இருந்தால் 6 மீட்டரை நெருங்க நேரிடும். திரையிட்டு மறைக்கத்தக்க தனியிடமும், ஒருவர் தொழுகைக்கு நிற்கும் அளவு வெற்றுத் தரையும் இருந்தால் குடும்பத்தார் நிம்மதியாக இருப்பார்கள்.

அடுத்தது தண்ணீர். மிகச் சிக்கனமாக ஆளுக்கு நாளொன்றுக்கு 30 லிட்டர் என்று வைத்தாலும், மூவருக்கு மூன்று நாளில் 270 லிட்டர். அதன் எடை 270 கிலோ! மின்சாரமும் அப்படியே. ஒரு டன் குளிர்சாதனம் தொடர்ந்து ஓடினால் மணிக்கு ஏறத்தாழ ஒரு யூனிட் செலவாகும். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரி முழுதாக நிறைந்திருந்தாலும் 1.8 யூனிட்தான்; சாதாரண ஈய பேட்டரியில் அதில் பாதியைத்தான் பயன்படுத்தலாம். சென்னையின் சித்திரை இரவை அதைக்கொண்டு கழிக்க இயலாது. ஆகவே, தங்குமிடத்தில் மின் இணைப்பு கிடைக்குமா என்பதை முதலில் விசாரிக்க வேண்டும்.

டிரெய்லரா, வேனா?

அமெரிக்காவில் பதின்மூன்று வாரம் போன்ற ஒப்பந்தங்களில் ஊர் மாறும் செவிலியர்களில் பலர் இழுவை டிரெய்லரில் வாழ்கின்றனர். இருபது, முப்பது அடி நீளமான டிரெய்லர்கள் அங்கே சாதாரணம். தண்ணீர், மின்சாரம், கழிவுநீர்க் குழாய் ஆகியவற்றோடு கூடிய முகாம்கள் அங்குப் பரவலாக உண்டு. அதனால் அது கட்டுப்படியாகிறது. நம் அண்டை மாநிலமான கேரளம் 2021இல்தான் கேரவன் சுற்றுலாக் கொள்கையை அறிவித்தது. முகாம்கள் பெருகும்வரை அமெரிக்க அளவுகளை நாம் பின்பற்றுவது பொருந்தாது.

டிரெய்லரில் ஒரு நன்மையுண்டு: அதை முகாமில் விட்டுவிட்டுக் காரில் வேலைக்குச் செல்லலாம். தீமையும் உண்டு. நான்கு மீட்டர் காரும், முன்தண்டோடு சேர்ந்து ஆறு மீட்டர் டிரெய்லரும் ஒன்றாகப் பத்து மீட்டர். ஏறக்குறைய ஒரு மாநகரப் பேருந்து. பின்னோக்கிச் செலுத்தும்போது டிரெய்லர் திருப்பியதற்கு எதிர்ப்பக்கம் போகும். டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு இணைப்புக் கொக்கியின் மேல் அமர வேண்டும். குறைந்தால் வேகத்தில் வால் ஆடும். காரின் இழுவைத் திறன் கையேட்டில் குறிப்பிடப்படாவிடில் அந்தக் காரில் டிரெய்லரைப் பூட்டக் கூடாது. டிரெய்லருக்குத் தனிப் பதிவும் தேவை.

அதனால் நம் நாட்டில் பெரும்பாலோர் டிராவலர் போன்ற வேனைத் திருத்தியமைத்துக்கொள்கின்றனர். மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்டால் இலகுரக வாகன உரிமம் போதுமானது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் இவ்வரம்புக்கு உட்பட்ட போக்குவரத்து வாகனங்களுக்கு இதை உறுதி செய்தது. உடற்பகுதியை மாற்றுவதற்கு முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் அனுமதி பெறுவது கட்டாயம்.

வாங்குமுன் செய்ய வேண்டியவை

வசிக்கும் தெருவின் முனையையும், பணிக்குச் செல்லும் வழியிலுள்ள மிகக் குறுகிய திருப்பத்தையும், மிகத் தாழ்ந்த ரயில்வே சுரங்கப்பாதையையும், தெருவில் தொங்கும் கம்பிகளையும் முதலில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அவற்றுள் நுழையாத வண்டி எவ்வளவு வசதியாயினும் விட்டுவிடுங்கள்.

பின்னர் மொட்டை மாடியில் சுண்ணாம்புக் கட்டியால் நான்கரை மீட்டர் நீளமும் 1.85 மீட்டர் அகலமும் கொண்ட கட்டமொன்று வரையுங்கள். படுக்கை, அடுப்பு, கழிப்பறை ஆகியவற்றின் இடத்தையும் குறியுங்கள். விடுமுறை நாள் ஒன்றில் குடும்பத்தோடு காலை முதல் இரவு வரை அக்கோட்டுக்குள்ளேயே இருந்து பாருங்கள். எதை எடுக்கக் குனிந்தபோது யார் மீது மோதினோம் என்பதை இல்லத்தரசியிடம் கேளுங்கள். நாள் முழுதும் வண்டிக்குள் இருக்கப் போகிறவர் பெரும்பாலும் அவரே. அவர் போதும் என்று சொல்லும் அளவைக் குறித்துக்கொண்டு விற்பனையாளரிடம் செல்லுங்கள்.