பூஞ்சை போடும் பார்சல்

புறா எச்சத்திலும் மண்ணிலும் வாழும் ஒரு பூஞ்சைக்குப் பெயர் கிரிப்டோகாக்கஸ் நியோஃபார்மன்ஸ். மூச்சுக்காற்றோடு நுரையீரலுக்குள் போகும். ஆரோக்கியமானவருக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. எச்.ஐ.வி.யால் எதிர்ப்பு சக்தி குறைந்தவருக்கோ அது மூளை வரை போய், மெனிஞ்ஜைட்டிஸ் என்னும் மூளை உறை அழற்சியைக் கொண்டுவரும். 2020-ல் மட்டும் சுமார் 1,12,000 பேர் இதனால் இறந்திருப்பார்கள் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். சாதாரண எண்ணிக்கையா இது?

இந்தப் பூஞ்சை தன்னைச் சுற்றி வழவழப்பான ஒரு சர்க்கரைப் போர்வையைப் போர்த்திக்கொள்கிறது. அந்தச் சர்க்கரை செல்லுக்கு உள்ளே தயாராவது. அவ்வளவு பெரிய மூலக்கூறு கெட்டியான செல் சுவரைத் தாண்டி எப்படி வெளியே வருகிறது? 2007-ல் மார்சியோ ரோட்ரிக்ஸ், ஆர்துரோ காசடெவால் குழுவினர் பதில் சொன்னார்கள். பார்சல் கட்டித்தான்!

கொழுப்புச் சவ்வால் ஆன குட்டிக் குட்டிப் பைகள் அவை. ஆங்கிலத்தில் வெசிக்கிள் என்பார்கள். ஒரு மில்லிமீட்டரைப் பத்தாயிரம் பங்கு போட்டால் ஒரு பங்கு 100 நானோமீட்டர். இந்தப் பைகள் பலவும் ஏறக்குறைய அந்த அளவுதான். உள்ளே சர்க்கரை மட்டும் இல்லை. லாக்கேஸ், யூரியேஸ் போன்ற, நோயை வளர்க்க உதவும் என்சைம்களும் இருப்பதை அதே குழு 2008-ல் காட்டியது.

சரி, இந்தப் பார்சல் நம் உடலில் யார் கைக்குப் போகிறது? மேக்ரோபேஜ் என்ற காவல்கார செல்லிடம். கிருமியை அப்படியே விழுங்கிச் செரிப்பதுதான் அதன் வேலை. பையையும் விழுங்குகிறது. 2010-ல் வெளியான ஆய்வில், பைகளை விழுங்கிய மேக்ரோபேஜ்கள் 'தாக்கு' என்ற சமிக்ஞையையும் 'அடங்கு' என்ற சமிக்ஞையையும் சேர்த்தே வெளியிட்டன. சர்க்கரைப் போர்வை செய்யத் தெரியாத பூஞ்சையின் பைகளைக் கொடுத்தபோது, காவல்கார செல்கள் இன்னும் சுறுசுறுப்பாகப் பூஞ்சையைக் கொன்றன. அதாவது, பைக்குள் இருக்கும் சர்க்கரை காவலை மந்தப்படுத்துகிறது.

இதன் சொந்தக்காரப் பூஞ்சை கிரிப்டோகாக்கஸ் கேட்டி. 1999 முதல் கனடாவின் வான்கூவர் தீவில் ஆரோக்கியமானவர்களையும் தாக்கியது. இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழகக் குழு 2018-ல் ஒரு சோதனை செய்தது. அவ்வளவு வீரியமில்லாத வகையை விழுங்கிய மேக்ரோபேஜ்களுக்கு, வீரியமான வகையின் பைகளைக் கொடுத்தார்கள். பைகள் நேராக, விழுங்கப்பட்ட பூஞ்சை அடைபட்டிருக்கும் அறைக்கே போய்ச் சேர்ந்தன. சாதுவாக இருந்த பூஞ்சை மளமளவென்று பெருகத் தொடங்கியது. சிறைக்குள் இருப்பவனுக்கு வெளியிலிருந்து உதவி வந்தது போல!

இதுவரை படித்தால் பை என்றாலே வில்லன் என்று தோன்றும். கதை அங்கே முடியவில்லை. 2015-ல் வெளிவந்த ஆய்வில், கேண்டிடா ஆல்பிகன்ஸ் பூஞ்சையின் பைகளை முதலில் மெழுகுப்பூச்சிப் புழுக்களுக்குச் செலுத்தினார்கள். பிறகு பூஞ்சையையே செலுத்தினார்கள். பை பெற்ற புழுக்களில் பூஞ்சை குறைவாக இருந்தது. 2021-ல் பாரிஸ் பாஸ்டர் நிறுவன ஆய்வாளர்கள் கிரிப்டோகாக்கஸ் பைகளை எலிகளுக்கு முன்கூட்டியே கொடுத்தார்கள். நோய்க்கிருமி வந்தபோது அந்த எலிகள் கூடுதல் நாள் உயிர் வாழ்ந்தன.

ஆக, எந்தப் பூஞ்சையின் பை, உள்ளே என்ன சரக்கு, எப்போது வந்தது என்பதைப் பொறுத்தது எல்லாம். நோயோடு சேர்ந்து வந்தால் பூஞ்சைக்கு உதவி. முன்கூட்டியே வந்தால் உடலுக்கு எச்சரிக்கை.

இது ஏன் முக்கியம்? மனிதர்களுக்கென்று அனுமதி பெற்ற பூஞ்சைத் தடுப்பூசி ஒன்றுகூட இதுவரை இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2022-ல்தான் முதன்முறையாக ஆபத்தான 19 பூஞ்சைகளின் பட்டியலை வெளியிட்டது. கிரிப்டோகாக்கஸ் நியோஃபார்மன்ஸ் அதில் முதல் வரிசையில் இருக்கிறது.

புழுவுக்கும் எலிக்கும் பலித்தது மனிதருக்கும் பலிக்கும் என்று சொல்லிவிட முடியாது. இன்னொரு சிக்கலும் இருக்கிறது. எதிர்ப்பு சக்தி பாடம் கற்றுக்கொண்டால்தான் தடுப்பூசி வேலை செய்யும். இந்த நோய் அதிகம் பிடிப்பதோ, அந்தச் சக்தியே நலிந்தவர்களை. அவர்களுக்கு அந்தப் பாடத்தை எப்படிச் சொல்லித் தருவது என்பதுதான் பெரிய கேள்வி.