வெயில் ஏறுவதற்குள்

ஊட்டிக்குப் பனி இரண்டு தவணையாக வரும். முதலில் நீர்ப்பனி. அக்டோபர், நவம்பரில் புல் நுனியில் நின்று நடப்பவர் காலை நனைக்கும், அதோடு சரி. மழை ஓய்ந்து, மேகம் விலகி, காற்றும் அசையாத இரவு வாய்த்தால் உறைபனி. பகலெல்லாம் வாங்கிய சூட்டை மண் வெட்டவெளிக்கு விட்டுவிடும். கனத்த குளிர்காற்று சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். தலைகுந்தாப் பள்ளம் வெளுத்துக் கிடக்கிற காலையில்கூட மேட்டுத் தோட்டம் தப்பிவிடுவது இதனால்தான்.

ஃபெர்ன்ஹில் பக்கம் ஒரு பழைய பங்களாவில் புல்தரையைப் பனிக்குத் தயார் செய்வதைப் பார்க்க நவம்பரில் போயிருந்தேன். மூன்று பெண்கள் வரிசையாகக் குத்தவைத்துக் களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கையிலிருந்த களைக்கொத்தி தேய்ந்து தேய்ந்து விரலகலமே மிஞ்சியிருந்தது. புதுசு வாங்கித் தரமாட்டார்களா என்றால், இதுதான் வேருக்குள் நுழையும் என்கிறார். கம்பளிக் குல்லாயும் தோளில் துண்டுமாக மூத்த தோட்டக்காரர் புல்வெட்டும் மிஷினின் பிளேடை உயர்த்தி வைத்துக்கொண்டிருந்தார். ஒட்ட வெட்டினால் கணு வெளியே தெரிந்துவிடும், பனி நேரே அதில் இறங்கும்.

"இப்போ யூரியா போட்டீங்கன்னா அவ்வளவுதான் சார். தளதளன்னு இளசா வரும், மொதப் பனியிலயே கருகிரும்" என்றார். சாம்பல் சத்துக்குப் பொட்டாஷ் மட்டும் கொஞ்சம். மிதிபட்டு இறுகிய இடங்களில் இரும்பு முள்ளை அழுத்தித் துளை போட்டு, சலித்த மணலையும் மக்கிய எருவையும் தூவித் துடைப்பத்தால் தள்ளிவிடுகிறார்கள். தண்ணீர் உச்சி வெயிலில். சாயங்காலத்துக்குள் இலை காய்ந்துவிட வேண்டும், மண் மட்டும் ஈரமாக இருக்க வேண்டும். ஈர மண் சூட்டைக் கூடுதலாகப் பிடித்து வைத்திருந்து ராத்திரியில் விடும். பாடம் படித்தவர் சொல்வதையே அவர் வேறு வார்த்தையில் சொன்னார்: "காஞ்ச மண்ணுதான் சார் சீக்கிரம் சில்லிட்டுப் போகும்."

புல் கிக்யூ. கிழக்கு ஆப்பிரிக்க மலைநாட்டுப் புல், அங்குள்ள கிக்யூ மக்களின் பெயரிலேயே வழங்குகிறது. ஒரு கொடியைக் கிள்ளி என் கையில் வைத்தார். கணுவுக்குக் கணு வெள்ளை வேர், சருகு போன்ற உறை. உறைபனி பட்டால் இலை பழுத்துச் சாகும், மண்ணுக்குள் ஓடும் தண்டு பிழைத்துக்கொள்ளும். அந்தத் தண்டைக் காப்பாற்றத்தான் இத்தனை வேலையும். இதே புல் சோலைகளை ஒட்டிய இயற்கைப் புல்வெளிகளில் புகுந்து நீலகிரிக்கே உரிய புற்களை நெருக்கிக்கொண்டிருப்பது நினைவுக்கு வந்து எனக்கு உறுத்தியது. நாள்கூலிக்கு நிற்பவரிடம் போய் அதைப் பேசுவானேன் என்று விட்டுவிட்டேன்.

டிசம்பரில் தாவரவியல் பூங்காவுக்குப் போனபோது மிச்சத்தைப் பார்த்தேன். 1848இல் மெக்ஐவர் என்ற தோட்டக்கலைஞர் தொட்டபெட்டாச் சரிவில் அமைக்கத் தொடங்கிய பூங்கா அது. பாத்திகளில் மலர்ச்செடிகள் கோத்தகிரி மிலார் என்ற செடியின் தழைக்குக் கீழே ஒளிந்திருந்தன. அத்தனை பெரிய புல் மைதானத்தை மிலார் போட்டு மூட முடியாது. அங்கே தண்ணீர்தான். இருள் பிரியும் முன்பே தெளிப்பான்கள் சுழல ஆரம்பித்திருந்தன. வெளுத்துக் கிடந்த புல், தண்ணீர் பட்ட வட்டத்துக்குள் மட்டும் பச்சை காட்டியது.

"பனி விழறதப் பத்திக் கவலையில்ல. அது மேலயே கெடக்கும்போது வெயில் சுள்ளுன்னு அடிச்சாத்தான் கருகும். அதுக்கு முன்னால கழுவி விட்டுரணும்" என்றார் குழாயை இழுத்துக்கொண்டிருந்த பெண். கையுறை இல்லை. விரல் கணுக்கள் சிவந்து வெடித்திருந்தன. தண்ணீரே கதகதப்பாக இருப்பதாகச் சொன்னார். அந்த நேரத்துக் காற்றுக்கு அது உண்மைதான்.

தண்ணீர் எட்டாத ஓரத்தில் நாய் ஒன்று குறுக்கே ஓடிய தடம் கருப்பாக விழுந்திருந்தது. உறைந்த இலை வளையாது, மிதித்தால் உள்ளே நொறுங்கிவிடும். அந்தத் தடம் பழுப்பாகி வாரக்கணக்கில் நிற்கும் என்றார். நாய்க்கே இப்படியென்றால் சுற்றுலாப் பயணிக்கு? கயிறு கட்டியிருப்பது அதற்குத்தான். வேலையில் பாதி புல்லைப் பார்ப்பது, பாதி கயிற்றைப் பார்ப்பது.

சேலத்திலிருந்து வந்த குடும்பம் ஒன்று பனியைக் கையில் அள்ளிப் படமெடுக்க ஒரே ஓர் எட்டு உள்ளே விடச் சொல்லிக் கெஞ்சியது. "மே மாசம் மலர்க் கண்காட்சிக்கு வாங்கண்ணா, உருண்டு பொரளுங்க, யாரு கேக்கப் போறா" என்றபடி அவர் குழாயை அடுத்த பக்கம் இழுத்துப் போனார்.