பல் போனால் சொல் மட்டுமா போகும்?

"பல் போனால் சொல் போச்சு" என்பார்கள். சொல் மட்டுமா போகிறது? முறுக்கு போகும், கரும்பு போகும், நாலு பேர் நடுவில் வாய்விட்டுச் சிரிப்பதும் போகும். இதெல்லாம் வெளியே தெரிகிற நஷ்டம். தெரியாத நஷ்டம் ஒன்று இருக்கிறது. அது தாடை எலும்பு!

நாம் மெல்லும்போது பல்லின் வேர் வழியாக எலும்புக்கு ஓர் அழுத்தம் போகிறது. அந்த வேலை இருக்கிறவரைதான் எலும்பு திடமாக இருக்கும். பல் போய்விட்டால் அந்த இடத்து எலும்பு மெல்ல மெல்லக் கரைய ஆரம்பிக்கும். பல்செட் கட்டிய பெரியவர்கள் சில வருஷம் கழித்து "செட் லூசாயிடுச்சு" என்று புலம்புவது இதனால்தான். செட் அப்படியேதான் இருக்கிறது, அதைத் தாங்கிய தாடைதான் சுருங்கிவிட்டது. சரி, பிரிட்ஜ் போடலாம் என்றால், இரண்டு பக்கமும் இருக்கிற நல்ல பற்களைத் தேய்க்க வேண்டும். ஒருத்தர் வாங்கிய கடனுக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஜாமீன் நின்ற கதை!

வேரையே புதிதாக நட்டுவிட்டால்? அதுதான் இம்ப்ளான்ட். எலும்புக்குள் ஒரு டைட்டானியம் திருகு, அதன் மேல் ஓர் இணைப்பு, அதற்கும் மேல் பல்.

வேடிக்கை என்னவென்றால், இதற்கு வழி காட்டியது ஒரு முயல். 1952-ல் ஸ்வீடனின் லுண்ட் நகரில் பெர் இங்வார் பிரோனமார்க் என்ற ஆராய்ச்சியாளர், எலும்புக்குள் ரத்தம் எப்படி ஓடுகிறது என்று பார்க்க, முயலின் கால் எலும்பில் டைட்டானியத்தால் ஆன சின்னக் கருவி ஒன்றைப் பொருத்தினார். ஆராய்ச்சி முடிந்து கழற்றப் பார்த்தால் வரவில்லை! எலும்பு உலோகத்தோடு ஒட்டி வளர்ந்திருந்தது. வேறு யாராவது என்றால் கருவி வீணாகிவிட்டதே என்று தலையில் கை வைத்திருப்பார். அவர் அதில் ஒரு வைத்தியத்தைப் பார்த்தார்.

1965-ல் யோஸ்டா லார்சன் என்பவருக்குக் கீழ்த்தாடையில் நான்கு திருகுகள் வைத்தார். பிறவியிலேயே அண்ணப் பிளவும் தாடைக் குறைபாடும் உள்ளவர் அவர். அதற்கு முன் எந்த மனிதருக்கும் இந்த முறையில் செய்ததில்லை. உடம்பு அன்னியப் பொருளை ஏற்காது என்றே அன்றைக்குப் பலரும் நம்பினார்கள். துணிச்சல் டாக்டருக்கா, நோயாளிக்கா என்று கேட்டால் இரண்டாமவருக்குத்தான் ஓட்டுப் போட வேண்டும். 2006-ல் லார்சன் இறக்கும்வரை, நாற்பது வருஷத்துக்கும் மேலாக அந்தத் திருகுகள் உழைத்தன. பல் மருத்துவ உலகமோ 1982-ல் டொராண்டோவில் நடந்த மாநாட்டுக்குப் பிறகுதான் பிரோனமார்க்கைப் பரவலாக ஏற்றுக்கொண்டது.

அப்படியானால் எல்லோரும் இம்ப்ளான்ட் வைத்துக்கொள்ளலாமா? அங்கேதான் கணக்கு இடிக்கிறது. செலவு அதிகம். நம் ஊர் மருத்துவக் காப்பீடுகள் பெரும்பாலும் இதற்குப் பணம் தருவதில்லை. திருகோடு எலும்பு ஒட்ட வழக்கமாக மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரையும் சிகரெட்டும் அந்த ஒட்டுதலைக் கெடுக்கும். உலோகத்துக்குச் சொத்தை வராதுதான், ஆனால் சுற்றியுள்ள ஈறு சீழ் பிடித்து எலும்பு கரைந்தால் திருகும் ஆடிவிடும். நட்ட பிறகும் பல் துலக்கத்தான் வேண்டும்!

ஒன்று மட்டும் நிச்சயம். விலையைப் பார்த்து மலைத்து, "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று தள்ளிப் போடுகிற ஒவ்வொரு வருஷமும் சும்மா போவதில்லை. எலும்பு ரொம்பக் கரைந்துவிட்டால், முதலில் அதைக் கூட்டுவதற்கே தனியாக ஒரு சிகிச்சை, தனியாக ஒரு செலவு. அசல் அப்படியே நிற்க, வட்டி மட்டும் ஏறுகிற கடன் அது. செட்டா, பிரிட்ஜா, இம்ப்ளான்டா என்பது பிறகு. பல் விழுந்த வீட்டுப் பெரியவரை, "வயசாச்சு, இனி என்ன" என்று அவர் சொல்வதை நம்பாமல், ஒருமுறை பல் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். பாவம், அவருக்கும் முறுக்கு பிடிக்கும்.