பிழைக்கப் போன இடத்தில் இலக்கணம்

(மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு)

இலக்கணம் என்றாலே நம்மில் பலருக்குத் தேர்வு மண்டபம்தான் நினைவுக்கு வரும். பகுபத உறுப்பிலக்கணம் எழுதிவிட்டு வெளியே வந்ததும் மறந்துவிடுவோம். ஆனால் வேற்றுமொழி வழங்கும் ஊருக்குப் பிழைக்கச் செல்பவர்க்கு அஃது அப்படி மறக்கக்கூடிய பொருளன்று. அம்பத்தூரில் எங்கள் வீட்டிலேயே இதற்கு இரண்டு சான்றுகள் உண்டு. ஒருவர், செவிலியராக ஜெர்மனிக்குச் சென்றிருக்கும் என் அக்காள். மற்றவர், பீகாரிலிருந்து வந்து எங்கள் பின்கட்டில் குடியிருக்கும் இளைஞர்.

அக்காள் சென்னையில் ஜெர்மன் படித்தபோது சமையலறைப் பொருள்களிலெல்லாம் சீட்டு ஒட்டிவைத்தாள். கரண்டி ஆண்பால், முள்கரண்டி பெண்பால், கத்தி இரண்டுமில்லை! மேசை ஆண், கதவு பெண். சிறுமியைக் குறிக்கும் 'மேட்ஷென்' என்ற சொல்லோ ஆணுமன்றிப் பெண்ணுமன்றி மூன்றாம் பாலில் நிற்கிறது. சொல்லின் ஈற்றிலுள்ள 'ஷென்' என்னும் சிறுமை விகுதி செய்யும் வேலை அது. உயர்திணை, அஃறிணை என்று பிரித்துக்கொண்டே சொல்லதிகாரத்தைத் தொடங்கிய தொல்காப்பியர் இதைக் கேட்டால் என்ன சொல்வாரோ! "பெண்ணைப் பெற்றவன் எப்படியம்மா இதை ஒத்துக்கொண்டான்?" என்று கேட்டார் எங்கள் தாத்தா.

வேற்றுமை நான்குதான் என்பதால் எட்டு வேற்றுமை படித்த அவளுக்கு அதில் பெரிய தொல்லை இல்லை. பி-2 நிலைத் தேர்விலும் தேறினாள். உண்மையான இலக்கணம் மருத்துவமனையில்தான் காத்திருந்தது.

ஜெர்மனில் சில வினைச்சொற்கள் வாக்கியத்துக்குள் வந்ததும் இரண்டாகப் பிளந்துகொள்ளும். மருத்துவர்கள் பேச்சில் 'அன்ஸெட்ஸன்' என்றால் ஒரு மருந்தைத் தொடங்குதல். 'அப்ஸெட்ஸன்' என்றால் நிறுத்துதல். பேசும்போது 'ஸெட்ஸன்' முன்னே வந்துவிடும். நடுவில் மருந்தின் பெயர் வரும், இன்றா நாளையா என்பது வரும். 'அன்' அல்லது 'அப்' என்ற ஓரசை வாக்கியத்தின் கடைசியில் வந்து நிற்கும். தொடங்கச் சொன்னாரா, நிறுத்தச் சொன்னாரா என்பதெல்லாம் அந்த ஓரசையில்தான் இருக்கிறது. மருத்துவரோ நடந்துகொண்டே சொல்லிவிட்டுப் போவார். வாக்கியம் முடியும்வரை கையை அசைக்காதே, முடிந்ததும் கேட்டதைத் திருப்பிச் சொல் என்பதே மூத்த செவிலியர் ஒருவர் அவளுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். "தமிழிலும் வினை கடைசியில்தானே வருகிறது? காத்திருந்து பழகிய காது நமக்கு" என்று தொலைபேசியில் சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பின்கட்டு இளைஞரின் விரல்தான் நினைவுக்கு வந்தது.

தொழிற்பேட்டை அமைந்த 1960களிலிருந்தே அம்பத்தூருக்கு வெளியூரார் வந்தவண்ணம் இருக்கின்றனர். ஆவடியில் 1961-இல் கனரக வாகனத் தொழிற்சாலை தொடங்கப்பட்டது. எங்கள் தாத்தாவே அந்த வேலைக்காகத் திருநெல்வேலியிலிருந்து வந்தவர்தாம். இந்த இளைஞருக்கு ஒரு சிறு பட்டறையில் பவர் பிரஸ் வேலை. வந்த மூன்றாவது வாரம் டையில் தகடு ஒன்று சிக்கிக்கொண்டது. எடுக்கலாமா என்று கையை நீட்டியபடி நின்றார். எதிரே நின்றவர் "கையை விடாதே!" என்று கத்தினார். இரைச்சலில் இவர் காதில் விழுந்தது "கையை விடு" என்ற அளவுதான். இடக்கை ஆள்காட்டி விரலின் நுனி போயிற்று.

கட்டுப் பிரித்த பிறகு ஒருநாள் அவரே எனக்கு விளக்கினார். இந்தியில் ஒருவரைத் தடுக்கும்போது 'மத்' என்ற சொல் பெரும்பாலும் வினைக்கு முன்னே வரும். அது காதில் விழுந்ததுமே கை நின்றுவிடும். எதைச் செய்யக்கூடாது என்பது பிறகு வந்தால் போதும். தமிழிலோ செயல் முன்னே வந்துவிட, 'ஆதே' வாலாகப் பின்னே வருகிறது. எதிர்மறை ஏவல் வினைமுற்று என்று எழுதி நாம் மதிப்பெண் வாங்குகிறோமே, அந்த வால்தான்! இப்போது அந்தப் பட்டறையில் தமிழர்களே "மத், மத்! கையை விடாதே!" என்று கத்துகிறார்களாம். இலக்கண ஆசிரியர் யாரும் ஒப்பமாட்டார். எனக்கென்னவோ இது மிக நல்ல தமிழாகவே படுகிறது.

1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மானியர் சீகன்பால்கு, பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் கற்றார். அவர் இலத்தீனில் எழுதிய தமிழ் இலக்கணம் 1716-இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சேறியது. அவருக்கு ஆசிரியர் கிடைத்தார், பள்ளிக்கூடம் கிடைத்தது. பட்டறைக்கு வருபவருக்கு மேஸ்திரியின் வாய்தான் பள்ளிக்கூடம். வா, போ, தூக்கு, எடுடா, சீக்கிரம்டா. வந்த புதிதில் இந்த இளைஞருக்குத் தெரிந்த தமிழ் முழுவதும் இவ்வளவே.

ஒருநாள் அவர் தாத்தாவைப் பார்த்து, "தாத்தா, நீ சாப்ட்டியா?" என்று கேட்டார். தாத்தாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனால் அந்த இளைஞர் மரியாதை அறியாதவரல்லர். இந்தியில் தம் தந்தையிடம் பேசும்போது 'ஆப்' என்னும் மரியாதைச் சொல்லைத்தான் வழங்குகிறார். தமிழில் அவரை யாரும் 'நீங்கள்' என்று அழைத்ததில்லை. ஆகவே அப்படியொரு சொல் இருப்பதே அவருக்குத் தெரியவில்லை. அக்காளின் நிலை இதற்கு நேர்மாறு. மருத்துவமனையில் நோயாளிகளும் அவளும் ஒருவரையொருவர் 'ஸீ' என்று மரியாதையாகவே அழைக்கின்றனர். 'நீ' என்று பொருள்படும் 'டூ' வரும் இடத்தில்தான் அவள் இன்றும் தடுமாறுகிறாள்.

இதை நான் சொன்னபோது தாத்தா ஒன்றும் பேசவில்லை. மறுநாள் மாலை அவர் வேலை முடிந்து வந்ததும், "வாங்க தம்பி, உட்காருங்க, காப்பி சாப்பிடுறீங்களா?" என்றார். என் அம்மாவும் அப்படியே பேசத் தொடங்கினார். ஒரு மாதத்துக்குள் அவர் வாயில் 'வாங்க', 'போங்க' எல்லாம் வந்துவிட்டன.

இப்போது அவரை வாட்டுவது 'நாம்', 'நாங்கள்' வேறுபாடு. ஜெர்மனில் 'வீர்' ஒன்றே. இந்தியிலும் 'ஹம்' ஒன்றே. கேட்பவரைச் சேர்த்துச் சொல்வது ஒன்று, விலக்கிச் சொல்வது ஒன்று என்று தமிழில்தான் இரண்டு. ஊரிலுள்ள வயலைப் பற்றி உங்களிடம் சொல்லும்போது 'எங்க வயல்' என்று விளக்கினேன், புரிந்துகொண்டார். "இந்தத் தெருவுக்கு?" என்று கேட்டார். நான் யோசிப்பதற்குள் தாத்தா, "நம்ம தெரு" என்றார்.

அடுத்த நாள் விடியற்காலை, தண்ணீர் லாரியின் சத்தத்தோடு அவர் குரலும் கேட்டது. "தாத்தா, நம்ம தெருவுக்குத் தண்ணி வந்துடுச்சு! குடம் எடுத்துட்டு வாங்க!"