கொலுவுக்கு எடுத்த பைன் காய்

சான் ஹோசேயில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போயிருந்தபோது, மான்டெரிக்குக் காரில் அழைத்துப் போனார்கள். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் பைன் காடு. இந்த மான்டெரி பைன் தானாக முளைப்பது கலிபோர்னியாக் கரையில் மூன்று இடங்களிலும், மெக்சிகோவின் இரண்டு தீவுகளிலும்தானாம்!

கொலுவில் வைக்கலாமே என்று உதிர்ந்த காய்களைப் பை நிறையப் பொறுக்கினேன். "போட்டுடுக்கா, அதுல வண்டு இருக்கும்" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. அவள் மேலே காட்டினாள். பச்சை மரத்தில் நுனிக்கிளைகள் மட்டும் செம்பட்டையாகக் காய்ந்து, பிசின் வழிந்திருந்தது.

ஊறுகாயில் பூக்குமே பூசணம், அந்த ஜாதிதான் இந்த நோய்க்கும் காரணம். கலிபோர்னியாவில் இதை முதலில் கண்டது 1986-ல், பக்கத்து சாண்டா குரூஸ் பகுதியில். மிளகளவுகூட இல்லாத வண்டுகள் கிளையையும் காயையும் துளைத்து அதைப் பரப்புகின்றன. மருந்தடித்துத் தீர்க்கிற காரியமில்லை; அவை பட்டைக்குள் அல்லவா இருக்கின்றன! வெட்டிய கிளைகளை அங்கேயே தூளாக்குகிறார்கள், ரம்பத்தைக் கிருமிநாசினியால் துடைக்கிறார்கள். விறகை வேறு ஊருக்குக் கொண்டுபோகக் கூடாது. சில மரங்கள் நோய் கண்டும் தேறிவிடுவதால், நுனி கருகியதுமே மரத்தைச் சாய்ப்பதில்லை.

பையை மரத்தடியில் கவிழ்த்தேன். ஒரே ஒரு காயைப் புடவைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்தேன். காரில் ஏறும்முன் அதையும் போட்டுவிட்டேன்.